சியோல் மாநகரம் நமக்குச் சொல்லும் பாடம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"தோட்டத்துப் பள்ளிக்கூட மேடையில ஏறி, கொரியாவின் தலைநகரத்தைப் பற்றிப் பேச வந்துட்டாரே, இவருக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சியோல் நமக்கு அவ்வளவு அந்நியமான ஊர் இல்லை. சாயங்காலம் ஆனால் பல வீடுகளில் கொரிய நாடகம் ஓடுகிறது. பிள்ளைகள் வாயில் கொரியப் பாட்டு. 1985-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கட்டியது கொரியாவின் ஹுண்டாய் நிறுவனம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் ஒரு கோபுரத்தை எழுப்பியதும் கொரிய நிறுவனங்கள் தலைமையேற்ற குழுதான். 1982-ஆம் ஆண்டு நம் நாடு 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை வகுத்தபோது, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நமக்குக் காட்டப்பட்ட நாடுகள் இரண்டு. ஒன்று ஜப்பான், மற்றொன்று தென் கொரியா.

ஆனால் அந்த 1982-க்கு முப்பதே ஆண்டுகளுக்கு முன்னால் சியோல் எப்படிக் கிடந்தது தெரியுமா? இடிந்த சுவரும் எரிந்த கூரையுமாகக் கிடந்தது. அப்படிக் கிடந்த ஊர், பிறர் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஊராக மாறியது எப்படி? அதைத்தான் இன்று உங்களோடு கொஞ்ச நேரம் பேச விரும்புகிறேன்.

நான்கு மலைக்கு நடுவே ஒரு தலைநகர்

'சியோல்' என்ற சொல்லுக்கே கொரிய மொழியில் 'தலைநகர்' என்றுதான் பொருள். அந்தக் காலத்து நம் பாட்டிமார்கள் 'பட்டணம்' என்று மட்டும் சொன்னாலே சென்னைப் பட்டணம் என்று எல்லாருக்கும் புரியுமே, அதுபோல. 

ஹான் என்ற பெரிய ஆறு ஓடும் அந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெக்ஜே என்ற அரசு தன் தலைநகரை அமைத்திருந்தது. அவர்கள் கட்டிய மண்கோட்டையின் மேடுகளை இன்றும் பார்க்கலாம். ஆனால் இப்போதுள்ள நகரத்தின் கதை 1394-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 1392-இல் யீ சோங்-கே என்ற தளபதி ஜோசோன் அரசை நிறுவி, இரண்டு ஆண்டு கழித்துத் தம் தலைநகரை இங்கே மாற்றினார். வடக்கே பூகாக், தெற்கே நாம்சான், கிழக்கே நாக்சான், மேற்கே இன்வாங் என்று நான்கு மலைகள். அந்த நான்கையும் இணைத்து 18 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மதில் சுவரை எழுப்பினார்கள். 1395-இல் கியோங்போக் அரண்மனை எழுந்தது.

மதிலுக்கு நான்கு பெரிய வாசல், நான்கு சிறிய வாசல். அந்தப் பெரிய வாசல்களுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். கிழக்கு வாசலின் பெயரில் அன்பு இருந்தது. மேற்கு வாசலின் பெயரில் நீதி இருந்தது. தெற்கு வாசலின் பெயரில் மரியாதை இருந்தது. ஊருக்குள் நுழைகிறவன் முதலில் ஒரு நற்பண்பின் பெயரைக் கடந்துதான் நுழைய வேண்டும்! நகரின் நடுவில் ஒரு பெரிய மணி. இரவில் 28 முறை அடித்தால் வாசல்கள் மூடும். விடியற்காலையில் 33 முறை அடித்தால் திறக்கும். நம் தோட்டங்களில் முன்பெல்லாம் பெரட்டுக்கு மணி அடித்ததும் லயம் முழுக்க விழித்துக்கொள்ளுமே, அப்படி அந்த ஊரும் மணிச் சத்தத்தில்தான் விழித்தது.

ஓர் அரசர் மக்களுக்குத் தந்த எழுத்து

இந்த நகரத்தில் 1418 முதல் 1450 வரை ஆட்சி செய்தவர் சேஜோங் மன்னர். மாணவச் செல்வங்களே, இந்தப் பெயரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க வேலையிலிருந்த அடிமைப் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு 100 நாள் விடுப்பு தந்தவர் அவர். இது நடந்தது அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு!

அந்தக் காலத்தில் கொரிய மொழிக்கென்று தகுந்த எழுத்து இல்லை. பேசுவது கொரிய மொழி, எழுதுவது சீன எழுத்து. ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைப் படிக்கப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நேரம் இருந்தது. உழவனுக்கு ஏது நேரம்? தனக்கு ஓர் அநியாயம் நடந்தால் அதை ஒரு மனுவாக எழுதிக் கொடுக்கக்கூட அவனுக்கு வழியில்லை. இதைக் கண்டு வருந்திய மன்னர் 1443-இல் 28 எழுத்துகளை உருவாக்கி, 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். 'மக்களுக்குக் கற்பிக்கும் சரியான ஒலிகள்' என்பது அதற்கு அவர் வைத்த பெயர். இன்று அதை ஹங்குல் என்கிறோம். இப்போது வழக்கத்தில் 24 எழுத்துகள் உள்ளன.

அந்த எழுத்தின் அமைப்பைப் பார்த்தால் தமிழ் படித்தவர்களுக்கு மகிழ்ச்சி உண்டாகும். எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறதோ, அந்த இடத்தின் வடிவமே மெய்யெழுத்தின் வடிவம். 'ம' என்ற ஒலிக்கு மூடிய வாயைப் போல ஒரு சிறு சதுரம். 'ந' ஒலிக்கு மேலே வளைந்து தொடும் நாக்கின் வடிவம். தொண்டைக்கு ஒரு வட்டம். நம் தொல்காப்பியத்திலும் பிறப்பியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்த எழுத்து நாவிலே பிறக்கிறது, எது இதழிலே பிறக்கிறது என்று நுணுக்கமாகச் சொல்லும் பகுதி அது. இன்னொன்றும் உண்டு. நாம் மெய்யையும் உயிரையும் சேர்த்து உயிர்மெய் எழுதுகிறோம். அவர்களும் மெய்யையும் உயிரையும் ஒரே கட்டத்துக்குள் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். 

கொரியக் குழந்தையும் தகப்பனை 'அப்பா' என்றுதான் கூப்பிடும். உடனே இரண்டும் ஒரே மொழி என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தை வாய்க்கு எளிதாக வருகிற சொல், அவ்வளவுதான். ஆனாலும் கேட்கும்போது காதுக்கு இனிமையாக இருக்கிறது அல்லவா?

மன்னர் தந்த எழுத்தை எல்லாரும் கொண்டாடினார்களா என்றால், இல்லை. அரண்மனைப் புலவர்களே எதிர்த்தார்கள். "சீன எழுத்து இருக்கும்போது இது எதற்கு? இது நாகரிகமற்றவர்கள் செய்கிற வேலை" என்ற கருத்தில் 1444-இல் மன்னருக்கே மனு கொடுத்தார்கள். பின்னால் வந்த ஓர் அரசன் 1504-இல் இந்த எழுத்துக்குத் தடையே போட்டான். படித்தவர்கள் இதைப் பெண்பிள்ளைகளின் எழுத்து என்று இளக்காரமாகப் பேசினார்கள். அந்தப் பெண்பிள்ளைகள்தான் அதைக் காப்பாற்றினார்கள்! மகளுக்குத் தாய் எழுதிய கடிதத்திலும், பெண்கள் கைமாற்றிப் படித்த கதைகளிலும் ஹங்குல் உயிரோடு இருந்தது. கடைசியில் 1894-இல் அரசாங்க எழுத்தாக ஏற்கப்பட்டது. 1896-இல் சியோலில் முழுக்க ஹங்குல் எழுத்திலேயே ஒரு செய்தித்தாள் வெளிவந்தது. தாயின் கையில் இருக்கும் மொழி சாகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா, தாய்மார்களே?

புகைவண்டி நிலையத்தில் கிடைத்த புதையல்

சியோல் பலமுறை அடிபட்ட நகரம். 1592-இல் ஜப்பானியப் படை புகுந்தபோது கியோங்போக் அரண்மனை எரிந்தது. 270 ஆண்டுகளுக்கு மேல் அது பாழாகவே கிடந்து, 1860-களில்தான் திரும்பக் கட்டப்பட்டது. 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன் நாட்டோடு இணைத்துக்கொண்டது. சியோலின் பெயரையே மாற்றியது. அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை அகற்றி, அரண்மனையின் முன்பக்கத்தையே மறைப்பது போல ஆளுநரின் பெரிய கல் கட்டடம் 1926-இல் எழுந்தது. 1919 மார்ச் முதல் தேதி சியோல் பூங்கா ஒன்றில் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து மக்கள் திரண்டபோது, பதிலாகக் கிடைத்தது சிறையும் துப்பாக்கிச் சூடும்.

அடுத்து மொழி மேல் கை வைத்தார்கள். 1938-க்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கொரிய மொழிப் பாடம் படிப்படியாக மறைந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1940-இல் கொரியச் செய்தித்தாள்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு கொரியர்கள் தங்கள் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் இந்த நாட்டிலும் பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பாட்டும் மொழியும் கற்பித்தது பெரியவர்கள் சொல்லி நமக்குத் தெரியும். இங்கே அது மூன்றரை ஆண்டு. அங்கே முப்பத்தைந்து ஆண்டு.

அந்த இருட்டில் சிலர் ஒரு வேலை செய்தார்கள். 1929-இல் கொரிய மொழிக்கு ஒரு பேரகராதி தயாரிக்கத் தொடங்கினார்கள். பணம் இல்லை, அரசாங்க உதவி இல்லை. ஊர் ஊராகப் பேசப்படும் சொற்களைச் சேகரித்து அனுப்பும்படி ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்டுக்கொண்டார்கள். பள்ளி விடுமுறையில் கிராமத்துக்குப் போன பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் கேட்டு, மழைக்கு உங்க ஊரில் என்ன பேர், மண்வெட்டிக்கு என்ன பேர் என்று எழுதி அனுப்பினார்கள். சொல் சொல்லாகச் சேர்ந்தது அகராதி.

1942-இல் விபரீதம் நடந்தது. ஒரு பள்ளி மாணவியைப் போலீஸ் விசாரித்ததில் தொடங்கிய விஷயம், அவளுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியரிடம் போய் நின்றது. அந்த ஆசிரியர் அகராதி வேலையில் இருந்தவர். அவரைப் பிடித்தார்கள். அவரைத் தொடர்ந்து கொரிய மொழிக் கழகத்தாரைப் பிடித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வழக்கில் சிக்கினார்கள். லீ யுன்-ஜே, ஹான் ஜிங் என்ற இரண்டு அறிஞர்கள் சிறையிலேயே உயிர் விட்டார்கள். அகராதியின் கையெழுத்துப் பிரதிகள் சாட்சிப் பொருளாகப் பறிமுதல் செய்யப்பட்டன. யோசித்துப் பாருங்கள். அவர்கள் வெடிகுண்டு வைத்தவர்கள் இல்லை. அகராதி எழுதினார்கள். அதுவே குற்றம்!

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் முதலில் தேடியது அந்தக் காகிதக் கட்டைத்தான். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி சியோல் புகைவண்டி நிலையத்தின் சரக்குக் கிடங்கில், மற்ற மூட்டைகளோடு மூட்டையாக, இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் கொண்ட அந்தக் கட்டு கிடைத்தது! 1947-இல் முதல் தொகுதி வெளிவந்தது. நடுவில் போர் வந்து வேலை தடைப்பட்டது. ஆனாலும் விடவில்லை. 1957-இல் ஆறாவது தொகுதியோடு பேரகராதி முடிந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். தொடங்கியதிலிருந்து 28 ஆண்டுகள்.

சாம்பலிலிருந்து

அந்தப் போரையும் சொல்ல வேண்டும். 1950 ஜூன் 25-ஆம் தேதி கொரியப் போர் தொடங்கியது. மூன்றே நாளில் சியோல் வடகொரியப் படையிடம் விழுந்தது. செப்டம்பரில் மீட்கப்பட்டது. 1951 ஜனவரியில் மறுபடியும் விழுந்தது. மார்ச்சில் மறுபடியும் மீட்கப்பட்டது. ஒன்பது மாதத்துக்குள் ஒரு தலைநகரம் நான்கு முறை கை மாறியது. மக்கள் மூட்டை முடிச்சோடு தெற்கே பூசான் துறைமுகத்துக்கு ஓடினார்கள். 1953 ஜூலையில் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது நாடு இரண்டு பட்டுக் கிடந்தது. இன்றும் இரண்டாகத்தான் இருக்கிறது. எல்லைக்கோடு சியோலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்.

அப்படி ஓடிய இடத்திலும் அவர்கள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. கூடாரத்தில் பாடம் நடத்தினார்கள். கூடாரம் இல்லாத இடத்தில் மலைச்சரிவில், மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். சியோலின் பல்கலைக்கழகங்கள் அகதிகளாக வந்த இடத்தில் ஒன்று சேர்ந்து வகுப்பு நடத்தின. பெரியவர்களுக்கும் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. அரசாங்கக் கணக்குப்படி 1945-இல் தென்பகுதியில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1958-இல் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது. பதின்மூன்று ஆண்டில், நடுவில் ஒரு பெரும் போரையும் தாண்டி! எளிய எழுத்து இருந்தது, கற்பிக்க ஆசிரியர் இருந்தார், படித்தே தீர வேண்டும் என்ற வெறி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உலகம் 'ஹான் ஆற்று அதிசயம்' என்கிறது. 1970-இல் சியோலுக்கும் பூசானுக்கும் நெடுஞ்சாலை. 1974-இல் சுரங்க ரயில். 1988-இல் ஒலிம்பிக் போட்டி. அந்த ஆண்டே மக்கள் தொகை ஒரு கோடியை எட்டியது.

ஆனால் அதிசயம் என்றால் தானாக வந்ததில்லை. தொழிலாளி வியர்வையில் வந்தது. சியோலின் சோங்கே ஓடை ஓரத்துத் தையல் பட்டறைகளில் சின்னப் பெண்கள், நிமிர்ந்து நிற்க முடியாத அறைகளில் இரவு பகலாக உழைத்தார்கள். தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கேட்டுக் கேட்டு, கேட்பாரில்லாமல், சோன் டே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி 1970 நவம்பரில் தம் உயிரையே விட்டார். அவருடைய தாயார் அதன் பின் தம் வாழ்நாள் முழுவதும் தொழிலாளர்களுக்காகவே நின்றார். பால்மரக் காட்டில் உழைத்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இந்தச் செய்தி புரியும். 1987-இல் மாணவர்களும் தொழிலாளிகளும் சியோல் வீதிகளில் இறங்கி, மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். 1997-இல் பொருளாதாரம் சரிந்தபோது, சுமார் 35 லட்சம் பேர் தங்கள் வீட்டு நகையைக் கொண்டுவந்து நாட்டுக் கடனை அடைக்கக் கொடுத்தார்கள். சேர்ந்த தங்கம் சுமார் 227 டன்!

இன்றைய சியோல் 605 சதுர கிலோமீட்டர். சுற்று வட்டாரத்தையும் சேர்த்தால் தென் கொரிய மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான். நெரிசலைக் குறைக்கப் பல அமைச்சுகளைத் தெற்கே ஒரு புதிய நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் புதிய நகரத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? சேஜோங்! ஆனாலும் தலைநகர் சியோல்தான். பல நூற்றாண்டு வழக்கமே சட்டம் என்று 2004-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இழந்ததையும் ஒவ்வொன்றாக மீட்டார்கள். ஆளுநர் கட்டடத்தை 1995-இல் இடிக்கத் தொடங்கி, அரண்மனையின் முகத்தைத் திரும்பத் திறந்தார்கள். சாலைக்கு அடியில் புதைத்த சோங்கே ஓடையை 2005-இல் மீண்டும் ஓடவிட்டார்கள். 2008-இல் தீயில் எரிந்த தெற்கு வாசலை ஐந்தே ஆண்டில் பழைய முறைப்படி கட்டி எழுப்பினார்கள். 2009-இல் அரண்மனைக்கு எதிரே சேஜோங் மன்னருக்குச் சிலை வைத்தார்கள். திறந்த நாள் அக்டோபர் 9. அது அவர்களின் எழுத்துத் திருநாள், நாட்டுக்கே விடுமுறை. 

எல்லாம் அங்கே சொர்க்கம் என்று சொல்லவில்லை. பரீட்சை நெருக்கடியால் பிள்ளைகள் இரவு வெகுநேரம் வரை டியூசன் போகிறார்கள், விளையாட நேரமில்லை. அந்தப் பகுதியை நாம் பின்பற்ற வேண்டாம்!

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, கொரியர்களுக்கு மொழியைத் தடுக்க ஒரு பேரரசு வந்து நின்றது. நமக்கு அப்படி யாரும் வந்து நிற்கவில்லை. 1957-இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் போனார்கள், அது உண்மை. ஆனால் பட்டணத்துக்குப் போனவர்கள் அங்கே பக்கத்திலிருக்கும் தமிழ்ப்பள்ளியை எட்டிப் பார்த்தார்களா? "தமிழ் படிச்சா என்ன கிடைக்கும்?" என்று நம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான் நமக்கு வந்த சோதனை. மலாய் மொழியை நன்றாகப் படிக்க வேண்டும், அது நம் நாட்டு மொழி. ஆங்கிலத்தையும் விடக் கூடாது. கொரியர்களும் பிற மொழிகளைப் படிக்கத்தான் செய்கிறார்கள். வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு மாடி கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வரும் பள்ளி விடுமுறையில் ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். பெரட்டு என்றால் என்ன, மங்கு என்றால் என்ன, ஒட்டுப்பால் எப்படி எடுப்பார்கள், நிரை பிடிப்பது என்றால் என்ன, ஆயாக் கொட்டகையில் என்ன பாட்டுப் பாடுவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்த மரத்தோடு வாழ்ந்த சொற்கள் இன்னும் சில பெரியவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பள்ளி திறந்ததும் நோட்டுகளை என்னிடம் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் தொகுத்து, நம் பள்ளி நூலகத்தில் ஒரு சொற்புத்தகமாக வைப்போம். எழுதிய ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கும்.

இன்று உங்களில் சிலருக்குத் தமிழ் அகராதி பரிசாகக் கிடைக்கப் போகிறது. "கிண்ணம் இல்லையா, சாமான் இல்லையா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அப்படி ஒரு புத்தகத்துக்காக இரண்டு பேர் சிறையில் உயிர் விட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாத பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வாழ்த்துகள். இருமுறை விழுந்து இருமுறையும் எழுந்த ஊரின் கதையை உங்களுக்காகத்தான் சொன்னேன்.